கோட்டுக்குள் ஒரு ராக்கெட்

வணக்கம். "கலரிங் புத்தகத்துக்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று உள்ளே வரும்போதே ஒருவர் கேட்டார். ஆமாம், அதற்குத்தான். விண்வெளிக் கதைகளை வைத்து அமெரிக்காவில் அச்சிட்ட பழைய கலரிங் புத்தகங்களுக்கும் பொம்மைகளின் வடிவத்துக்கும் உள்ள உறவைப் பல வருஷமாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அதைப் பேசியே ஆக வேண்டும்.

பக் ராஜர்ஸிலிருந்து தொடங்குவோம். 1928 ஆகஸ்டில் 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழில் பிலிப் நவ்லன் எழுதிய கதையில் பிறந்தவன். சுரங்கத்தில் வாயு தாக்கி நினைவிழந்து, 2419ஆம் ஆண்டில் கண் விழிக்கிறான். 1929 ஜனவரி 7 முதல் டிக் கால்கின்ஸ் வரைய, நாளிதழ்களில் படக்கதையாக வந்தான். வார நாட்களில் கறுப்பு வெள்ளைதான். அவன் கையில் இருக்கும் துப்பாக்கி என்ன நிறம், ராக்கெட் என்ன நிறம் என்பதெல்லாம் படிக்கிற பையன் மனசில் நினைத்துக்கொள்வதுதான். ஞாயிற்றுக்கிழமை கலர்ப் பக்கம் 1930இல்தான் வந்தது.

நாளிதழ்த் தாளில் மெல்லிய கோடு நிற்காது, மை ஊறிக் கலங்கிவிடும். அதனால் தடித்த கோட்டில், ஒரு பார்வையில் இன்னது என்று தெரிகிற மாதிரி வரைந்தாக வேண்டும். துப்பாக்கிக் குழலைச் சுற்றி வளையங்கள், முதுகில் மீன் துடுப்பு மாதிரி ஒன்று, கொஞ்சம் உப்பிய வயிறு. நிழலை மட்டும் காட்டினாலும் குழந்தை கண்டுபிடித்துவிடும். 1935இல் ராசீன் நகரத்து விட்மன் நிறுவனம் பக் ராஜர்ஸ் வண்ணம் தீட்டும் புத்தகத்தைப் போட்டபோது, அதிலும் இந்த மாதிரிக் கோடுகள்தான், பெரிதாக, உள்ளே காலியாக.

சரி, பொம்மைக்கு வருவோம். மிச்சிகனில் பிளிமத் என்ற ஊரில் டெய்சி என்றொரு ஏர்கன் கம்பெனி இருந்தது. 1934இல் அவர்கள் எக்ஸ்இஸட்-31 ராக்கெட் பிஸ்டல் என்ற பக் ராஜர்ஸ் பொம்மைத் துப்பாக்கியை 50 சென்ட்டுக்கு விற்றார்கள். தகட்டுத் துப்பாக்கியைப் பொதுவாக எப்படிச் செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, இடது பாதி வலது பாதி என்று எடுத்துச் சேர்ப்பார்கள். அப்படியானால் பக்கவாட்டில் தெரிகிற வெளிக்கோடுதான் அங்கே எல்லாம், அது ஏற்கெனவே படக்கதையில் தயாராக இருந்தது! அதே வருஷம் லூயி மார்க்ஸ் கம்பெனி கொண்டுவந்த சாவி கொடுத்து ஓட்டும் தகர ராக்கெட்டும் அப்படித்தான். தகரப் பொம்மைக்குத் தகடு தட்டையாக இருக்கும்போதே கோடும் நிறமும் அச்சிட்டுவிடுவார்கள், அப்புறம்தான் வெட்டி, வளைத்து, ஓரத்து நாக்குகளைத் துளையில் செருகி மடக்குவார்கள். வளைப்பதற்கு முன்னால் அந்தத் தகட்டைப் பார்த்தால், யாரோ பொறுமையாகக் கலர் அடித்து முடித்த ஒரு பக்கம் என்றே தோன்றும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துப்பாக்கி வந்தது 1934, புத்தகம் வந்தது 1935. ஆக, புத்தகத்தைப் பார்த்துப் பொம்மை செய்தார்கள் என்று சொன்னால் அது தப்பு. இரண்டும் ஒரே கோட்டுக்குப் பிறந்த பிள்ளைகள். ஆனால் புத்தகம் வந்த பிறகு குழந்தை சும்மா பார்க்கிறவள் இல்லை, நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறவள். டெய்சியின் முதல் துப்பாக்கி கருத்த உலோக நிறம். 1936இல் வந்த எக்ஸ்இஸட்-44 தண்ணீர்த் துப்பாக்கியோ சிவப்பும் மஞ்சளுமாகப் பளீரென்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், க்ரேயான் டப்பாவிலிருந்து முதலில் எடுக்கிற இரண்டு குச்சிகள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன.

நாற்பது வருஷம் தள்ளி வரிசை மாறிப்போனது. 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படம் ஓடிய ஓட்டத்துக்கு, அதன் பொம்மைகளைச் செய்த சின்சினாட்டியின் கென்னர் கம்பெனியால் ஈடுகொடுக்க முடியவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பொம்மை தயாராகாததால் ஒரு அட்டையையும், பொம்மை பின்னால் வரும் என்ற சான்றிதழையும் உறையில் போட்டு விற்றார்கள், பொம்மை 1978இல்தான் குழந்தைகள் வீட்டுக்குப் போனது. ஆனால் 1977 தேதியிட்டு அதே கென்னர் பெயரில் கலரிங் புத்தகங்கள் இருக்கின்றன, ஒன்றின் அட்டையில் சூவி, அந்தப் படத்தில் வரும் உடம்பெல்லாம் ரோமமான நெட்டை ஆள். இந்தத் தடவை காகிதம் முந்திக்கொண்டது.

அப்புறம் வந்த அந்தச் சூவி பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள், நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. ஒவ்வொரு பெயின்ட் பூச்சுக்கும் தனிச் செலவு என்பதால் உடம்பு முழுக்க ஒரே பழுப்பு பிளாஸ்டிக், ரோமம் எல்லாம் நிறத்தில் இல்லை, அச்சில் விழுந்த கோடுகளில்தான் இருக்கிறது. தோளிலிருந்து குறுக்கே இறங்கும் பட்டைக்கு மட்டும் வெள்ளி நிறம், அதுவும் சில பொம்மைகளில் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்திருக்கும்.