கார் காம் எழுதிய கடிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

டேவிட் லிஞ்ச் இயக்கி 1980இல் வெளிவந்த 'தி எலிஃபண்ட் மேன்' படத்தைப் பார்த்தவர்களால் ஜான் ஹர்ட்டை மறக்க முடியாது. உடல் முழுக்க விகாரமாகிப்போன மெரிக் என்ற உண்மை மனிதராக அவர் நடித்திருந்தார். அந்த ஒப்பனைக்குள்ளிருந்து வரும் குரல் மறக்காது. மெரிக்கை மருத்துவமனையில் சேர்க்கும் டாக்டர் ட்ரீவ்ஸாக வரும் ஆண்டனி ஹாப்கின்ஸின் கண்ணில் வழியும் கண்ணீரும் மறக்காது. ஆனால் நான் பேச வந்தது அதே படத்தில் சில காட்சிகளே வரும் ஒரு அதிகாரியைப் பற்றி. லண்டன் மருத்துவமனையின் நிர்வாகக் குழுத் தலைவர் கார் காம். நடித்தவர் ஜான் கீல்குட்.

படம் ஒரு திகில் படத்தின் நடையில்தான் நகர்கிறது. கறுப்பு வெள்ளை, எரிவாயு விளக்கு, புகை, இருண்ட நடைபாதை. ஒளிப்பதிவு செய்த ஃபிரெடி பிரான்சிஸ், திகில் படங்களுக்குப் பேர்போன ஹேமர் நிறுவனத்துக்காக டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் படங்களை இயக்கியவர். மெரிக்கின் முகத்தை வெகுநேரம் நமக்குக் காட்டாமலே வைத்திருக்கிறார்கள். சாப்பாடு எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போகும் ஓர் இளம் நர்ஸ் அலறும்போதுதான் நாமும் அதைப் பார்க்கிறோம்.

அந்த மாடி அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வருபவர்தான் கார் காம். குணமாகாத நோயாளிகளை இங்கே வைத்துக்கொள்வதில்லை, அதுதான் விதி என்கிறார். கேட்டவுடன் நமக்குக் கோபம் வருகிறது. மருத்துவமனை அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கோபம் வருவதில்லை. 1880களில் அந்த மருத்துவமனை அரசுப் பணத்தில் நடக்கவில்லை, நன்கொடையில் நடந்தது. கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பல் வட்டாரத்து ஏழைகளும் கூலித் தொழிலாளிகளும் அதன் வாசலுக்குத்தான் வந்தார்கள். ஒருவருக்கு ஆயுள் முழுவதும் ஒரு படுக்கையைக் கொடுத்தால், காய்ச்சலோடு வரும் பத்துப் பேரில் யாரையாவது திருப்பி அனுப்ப வேண்டிவரும். கல்நெஞ்சத்தில் பிறந்த விதி அல்ல அது.

சரி, விதியைச் சொன்ன மனிதர் அடுத்து என்ன செய்கிறார்? நோயாளியை நேரில் பார்க்க வருகிறார். இங்கேதான் கீல்குட்டின் நடிப்பைக் கவனிக்க வேண்டும். ட்ரீவ்ஸ் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களை மெரிக் தட்டுத்தடுமாறி ஒப்பிக்கிறார். கார் காம் மரியாதையாக இரண்டு கேள்வி கேட்கிறார், இது பயிற்சி கொடுத்துப் பேசவைத்தது என்று கண்டுகொண்டு வெளியேறிவிடுகிறார். அப்போது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பைபிளின் இருபத்து மூன்றாம் சங்கீதத்தை மெரிக் சொல்வது கேட்கிறது. ட்ரீவ்ஸ் கற்றுக்கொடுத்த வரிகளைத் தாண்டியும் குரல் போய்க்கொண்டே இருக்கிறது. இந்த மனிதருக்குப் படிக்கத் தெரியும், வேதத்தை அவராகவே படித்திருக்கிறார் என்று அந்த நொடியில்தான் இருவருக்கும் புரிகிறது.

அப்புறம் தன் அறையில் கார் காம் ட்ரீவ்ஸிடம், இந்த மனிதர் எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்ந்திருப்பார் என்று உங்களால் எண்ணிப் பார்க்க முடிகிறதா என்று கேட்கிறார். முடியும் என்றுதான் நினைக்கிறேன் என்கிறார் டாக்டர். இல்லை, நம்மில் யாராலும் முடியாது என்று அழுத்தமாக மறுக்கிறார் கார் காம். முழுப் படத்திலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இரக்கத்தில் டாக்டர் முந்திக்கொண்டார், உண்மைதான். ஆனால் அடுத்தவர் துயரம் தனக்குப் புரிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளாத பணிவு இந்த அதிகாரியிடம்தான் இருந்தது.

இவர் கற்பனைப் பாத்திரம் அல்ல. பிரான்சிஸ் கார் காம் லண்டன் மருத்துவமனையின் தலைவராக உண்மையிலேயே இருந்தவர். அதற்கு முன் நம்முடைய மெட்ராஸ் சிவில் சர்வீஸில் பணியாற்றியவர். 1886 டிசம்பரில் 'தி டைம்ஸ்' பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதத்தை இன்றும் படிக்கலாம். எங்கள் மாடி வார்டை ஒட்டிய ஒரு சிறிய அறையில் ஜோசப் மெரிக் என்றொருவர் இருக்கிறார் என்று தொடங்குகிறார். கவனியுங்கள், ஜோசப். பின்னாளில் ட்ரீவ்ஸ் எழுதிய நூலில் அந்தப் பெயர் ஜான் என்று மாறிவிட்டது, படமும் ஜான் என்றே வைத்துக்கொண்டது. நோயாளியின் பெயரைச் சரியாக எழுதிவைத்தவர் நிர்வாகி.

எந்தத் தனி நோயாளிக்காகவும் பொதுமக்களின் கவனத்தை ஈர்க்க எனக்கு இதுவரை அதிகாரம் தரப்பட்டதில்லை, ஆகவே இது எவ்வளவு விதிவிலக்கான நிலை என்று நீங்களே புரிந்துகொள்ளலாம் என்கிறார். குணமாகாதவர்களுக்கென்று இருந்த இரண்டு இல்லங்களுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறார். பணம் கொடுத்தாலும் சேர்க்கமாட்டோம் என்று இரண்டும் கைவிரித்துவிட்டன. ஆதரவற்றவர்களை வேலை வாங்கிக்கொண்டு தங்கவைக்கும் ஏழைகள் விடுதி என்றாலே மெரிக்குக்கு நடுக்கம் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். பயன்படும் ஒரே கையால் அட்டையில் சிறு மாதிரிகள் செய்து, தன்னிடம் அன்பாக இருந்தவர்களுக்கு அனுப்புவார், மென்மையானவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றும் எழுதுகிறார். பரிதாபத்தைத் தூண்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும் கடிதம் அல்ல அது. படிக்கிறவருக்கு ஒரு மனிதரை அறிமுகம் செய்துவைக்கிறது.

பணம் வந்தது. மெரிக் ஆயுள் முழுக்க அங்கேயே இருப்பதற்குப் போதுமான தொகை ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டதாக ட்ரீவ்ஸ் எழுதியிருக்கிறார். நிர்வாகக் குழு சம்மதித்தது, கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் அவருக்கென்று ஒழுங்கு செய்யப்பட்டன, முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாமல்.

இந்த இடத்தில் படத்தோடு எனக்கு ஒரு வருத்தம் உண்டு. படத்தில் குழுக் கூட்டத்துக்கு நடுவே இளவரசி அலெக்ஸாண்ட்ரா வந்து, விக்டோரியா மகாராணியின் செய்தியைப் படிக்கிறார், எதிர்த்தவர்கள் வாயடைத்துப்போகிறார்கள். உண்மையில் இளவரசி மெரிக்கைச் சந்தித்தது 1887 மே மாதம். அதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. பத்திரிகை படித்த சாதாரண மனிதர்கள் அனுப்பிய பணத்தில்தான் அந்த அறைகள் கிடைத்தன. அரண்மனை வாக்கு நாடகத்துக்கு உதவுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மனிதர்களின் பங்கு அதில் மறைந்துபோய்விடுகிறது.

இதே மருத்துவமனையில் படம் இன்னொரு ஊழியரையும் காட்டுகிறது. இரவுக் காவலாள். மதுக்கடையில் காசு வாங்கிக்கொண்டு, மெரிக்கை வேடிக்கை பார்க்கக் கூட்டத்தையே உள்ளே அழைத்துவருகிறான். இவன் படத்துக்காக உருவாக்கிய பாத்திரம். படத்தின் உண்மையான திகில் அவன் வரும் காட்சிகளில்தான் இருக்கிறது. ஒரு நோயாளியைச் சேர்த்துக்கொள்வதோடு மருத்துவமனையின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. ராத்திரியில் சாவி யார் கையில் இருக்கிறது, யார் அதைக் கண்காணிக்கிறார்கள் என்பதும் நிர்வாகத்தின் வேலைதான். படத்தின் கார் காம் அங்கே தவறிவிட்டார் என்றுதான் சொல்வேன்.

மெரிக் 1890 ஏப்ரல் 11ஆம் தேதி, 27 வயதில், அந்த அறையிலேயே இறந்தார். அந்த மாதமே கார் காம் 'தி டைம்ஸ்' பத்திரிகைக்கு மறுபடியும் எழுதினார். உங்கள் பணத்தால் அவருடைய கடைசி ஆண்டுகள் இப்படிக் கழிந்தன என்று விவரம் சொல்லி, கையில் மீதமிருந்த சிறு தொகையை மருத்துவமனையின் பொதுநிதியில் சேர்க்கப்போவதாகத் தெரிவித்தார். இந்த இரண்டாவது கடிதம் படத்தில் இல்லை. கீல்குட்டின் குரலில் அதையும் கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஒரு ஆசை.

நன்றி, வணக்கம்.