மெருகு பாட்டை மறைக்கவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'அமெரிக்க ராக் இசைக்குழுவான நிர்வாணாவின் இரண்டாம் ஆல்பமான நெவர்மைண்டுக்கு ஸ்டுடியோ மெருகு பலமா, பலவீனமா?' பலமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், குழுவின் பாடகர் கர்ட் கோபேனையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார். இந்த ஆல்பம் முரட்டு பங்க் ராக் ரெக்கார்டு மாதிரி இல்லை, மாட்லி க்ரூ என்ற பளபளப்பான மெட்டல் குழுவின் ரெக்கார்டு மாதிரி இருக்கிறது என்று கோபேனே பிற்பாடு குறைபட்டுக்கொண்டார். பாடியவரே சொன்ன பிறகு வழக்கு எதற்கு என்று கேட்டார். வலுவான கேள்விதான். ஆனால், நடுவர் அவர்களே, அந்தச் சாட்சி அதைச் சொன்னது ஆல்பம் லட்சக்கணக்கில் விற்ற பிறகு. ரெக்கார்டிங் நடந்த 1991இல் அவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டாமா?

முதல் ஆல்பம் ப்ளீச். சியாட்டிலில் ஜாக் எண்டினோ பதிவு செய்தார். ஏறக்குறைய 30 மணி நேரம், செலவு 606 டாலர் 17 சென்ட். அதற்கு அந்த முரட்டு ஒலி பொருந்தியது, மறுக்கவில்லை. அடுத்து கோபேன் எழுதிய பாட்டுகள் வேறு ஜாதி. சரணத்தில் கிட்டார் இரண்டே சுரம் தட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கும். பல்லவியில் சுவரே இடிந்து விழுவதுபோல் மொத்தக் குழுவும் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் பாட்டின் உயிர். ஒரே கிட்டார், ஒரே குரல் என்று பதிவு செய்தால் பல்லவியில் சத்தம் கூடுமே தவிர, அகலம் கூடாது.

இங்கேதான் தயாரிப்பாளர் புட்ச் விக் வருகிறார். 1991 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸில் வான் நைஸ் பகுதியிலுள்ள சவுண்ட் சிட்டி ஸ்டுடியோ. நீவ் 8028 என்ற ஒலிக்கலவை கன்சோல், டேவ் க்ரோலின் டிரம்ஸ் முழங்குவதற்கு ஏற்ற பெரிய அறை. விக் கேட்டது ஒன்றுதான்: அதே வரியை இன்னொரு முறை பாடுங்கள், அதே கிட்டாரை இன்னொரு முறை வாசியுங்கள். ஒரே மனிதர் இரண்டு முறை பாடினால் நேரத்திலும் சுருதியிலும் மயிரிழை வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம்தான் குரலைத் தடிமனாக்குகிறது. ஒரே டேக்கை, அதாவது ஒரு முறை பாடிப் பதிவானதை, நகலெடுத்து ஒட்டினால் இது கிடைக்காது, வால்யூம் மட்டும்தான் ஏறும். கோபேன் இதை ஏமாற்று வேலை என்று நினைத்தார். ஜான் லெனனும் இப்படித்தான் பாடினார் என்று விக் சொன்னதும் சம்மதித்தார். அந்தக் கத்தல் பாணியில் சில டேக்குகளுக்கு மேல் தொண்டை தாங்காது. அதனால் கிடைத்த டேக்குகளை விக் பொன்போல் பாதுகாக்க வேண்டியிருந்தது.

மெருகு என்றால் பளபளப்பு என்று எதிரணி நினைக்கிறது. ஆல்பத்தின் பட்டியலில் கடைசிப் பாட்டான 'சம்திங் இன் த வே'யைக் கேளுங்கள். முழுக் குழுவாக வாசித்துப் பார்த்தார்கள், அமையவில்லை. கோபேன் கன்ட்ரோல் ரூமுக்கே வந்து, சோபாவில் படுத்துக்கொண்டு, காதில் விழுந்தும் விழாத குரலில் பாடிக் காட்டினார். விக் உடனே ஏசியை நிறுத்தினார், தொலைபேசியைத் துண்டித்தார், அங்கேயே மைக்கை வைத்துப் பதிவு செய்துவிட்டார். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஐந்தே தந்தி இருந்த அந்த அக்கூஸ்டிக் கிட்டாரில் சுருதி சரியாக இல்லை. தாளத்தைச் சீராக வைக்கும் கிளிக் டிராக்கும் இல்லாததால் தாளம் இழுத்தும் விட்டும் போகிறது. அதன்மேல் பேஸும், டிரம்ஸும், செல்லோவும் பிறகு சேர வேண்டும். கிட்டாரின் கோணல் சுருதிக்கு மற்ற வாத்தியங்களை இறக்கினார்கள். இடிபோல் அடிக்கும் க்ரோலை, பூவைத் தொடுவதுபோல் அடிக்கச் சொன்னார் விக். ஒரு முணுமுணுப்பைக் கெடுக்காமல் காப்பாற்ற இத்தனை பாடு. இதற்குப் பெயரும் மெருகுதான், நடுவர் அவர்களே.

அடுத்து மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலக்கும் வேலை. விக்கும் குழுவும் டெவன்ஷயர் ஸ்டுடியோவில் முதலில் மிக்ஸ் செய்து பார்த்தார்கள், திருப்தியில்லை. ரெக்கார்டு நிறுவனம் மிக்ஸிங் பொறியாளர்களின் பட்டியலைக் கொடுத்தது. அதில் ஸ்காட் லிட்டின் பெயரும் இருந்தது. கோபேன் கைவைத்த பெயர் ஆண்டி வாலஸ். ஸ்லேயர் என்ற முரட்டு மெட்டல் குழுவின் ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர் என்பதுதான் காரணம். ஆக, இன்று குற்றம் சாட்டப்படுகிற ஆளைத் தேர்ந்தெடுத்ததே அந்தச் சாட்சிதான்!

வாலஸ் என்ன கெடுத்தார் என்று அறிய ஊகம் தேவையில்லை. 2011இல் வந்த 20ஆம் ஆண்டுப் பதிப்பில் டெவன்ஷயர் மிக்ஸும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வால்யூமில் வைத்து டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். அடி விழுந்த பிறகு அறை எவ்வளவு நேரம் முழங்குகிறது, அந்த முழக்கத்துக்கு நடுவே குரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே பதிப்பில், குழு ஒத்திகை பார்த்த கேசட் பதிவும் உண்டு. இரைச்சலில் பாதி புரியாது. ஆனால் பாட்டு அதிலேயே இருக்கிறது என்பதை எதிரணிக்கு மனமார விட்டுக்கொடுக்கிறேன். விக்கும் வாலஸும் பாட்டை எழுதவில்லை, அது கேட்கும்படி செய்தார்கள்.

வரவேற்புக்கு வருவோம். மெருகு என்றால் சந்தைக்காகச் செய்தது என்றார் நண்பர். 1991 செப்டம்பர் 24இல் வெளியானபோது அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பியது 46,251 பிரதிகள்தான். அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 144ஆம் இடத்தில் நுழைந்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 5க்கு 3 நட்சத்திரம் கொடுத்தது. இதைப் பெரிய சந்தைக் கணக்கு என்று யார் சொல்வார்கள்? 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் டேஞ்சரஸை இறக்கிவிட்டு முதலிடத்துக்கு வந்தபோது, அந்த நிறுவனமே எதிர்பார்த்திருக்கவில்லை.

கடைசியாக, மெருகு வேண்டாம் என்று கோபேன் போன இடம். 1993 பிப்ரவரி, மினசோட்டாவில் பதிவுப் பொறியாளர் ஸ்டீவ் ஆல்பினியுடன் மூன்றாம் ஆல்பமான இன் யூட்டரோ. அறையில் மைக்கை வைத்து உள்ளது உள்ளபடி பிடித்துவந்தவர் ஆல்பினி. அந்த ஆல்பத்தில்கூட 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்', 'ஆல் அப்பாலஜீஸ்' என்ற இரண்டு பாட்டுகளை மறுபடி மிக்ஸ் செய்யக் கொடுத்தார்கள். யாரிடம் தெரியுமா? 1991இல் ஒதுக்கிய அதே ஸ்காட் லிட்டிடம். முதல் பாட்டில் அக்கூஸ்டிக் கிட்டாரையும் பின்னணிக் குரலையும் அப்போது புதிதாகச் சேர்த்துப் பாடியவர், எதிரணி கூண்டில் ஏற்றிய அதே கர்ட் கோபேன்.