பாட்டியின் கல்லில் இருந்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் உட்லீ எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், அரசு வீடமைப்புக் கழகமான வீவகவின் புத்தம்புது அடுக்குமாடிகள். அந்த வட்டாரத்தின் பெயர் பிடாடாரி. மலாயில் தேவதை என்று பொருள். நமக்குப் பழக்கமான 'வித்தியாதரி' என்ற வடசொல்தான் அப்படித் திரிந்தது. ஜொகூர் சுல்தான் அபு பக்காரின் மனைவி ஒருவர் அங்கே மாளிகையில் வாழ்ந்தார். பிறகு நகராட்சி அந்த நிலத்தை வாங்கி, 1908ல் கிறிஸ்துவர்களுக்கான பொதுக் கல்லறைத் தோட்டமாகத் திறந்தது. முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் அடுத்தடுத்துப் பகுதிகள் ஒதுக்கப்பட்டன. 1972ல் தோட்டம் மூடப்பட்டது.

என் அப்பாவைப் பெற்ற பாட்டியை 1961ல் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் என்றால், மெழுகுவத்தியும் சாமந்திப் பூவுமாகக் குடும்பமே கிளம்பிவிடும். கல்லில் படிந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்ப்பது என் வேலை. எழுத்துகளின் பள்ளத்தில் விரல் வைத்துத்தான் நான் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

2001ல் தொடங்கி 2006 வரை அங்கிருந்தவர்களைத் தோண்டியெடுத்தார்கள். கிறிஸ்துவக் கல்லறைகள் ஏறத்தாழ 58,000, முஸ்லிம் கல்லறைகள் ஏறத்தாழ 68,000. எங்கள் முறை வந்த அன்று விடிவதற்குள் போய் நின்றோம். கொஞ்ச ஆழம் வரை மண்வெட்டி; அதன்பிறகு கையால்தான் தோண்டினார்கள். சிவப்பு மண்ணுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் மண் கறுத்திருந்தது. அதற்குள்ளிருந்து செபமாலையின் மணிகள் ஏழெட்டு வந்தன. கோத்த நூல் இல்லை. தோண்டிய சீனப் பெரியவர், எலும்பின் மீது வெயில் படக்கூடாது என்று தாமாகவே கறுப்புக் குடை பிடித்துக்கொண்டார். அது அவர்கள் வழக்கம். எங்கள் பாட்டிக்கும் அந்த மரியாதையைச் செய்த அவரை நான் மறக்கவில்லை.

இடம் குறுகிய தீவு இது. இறந்தவர்கள் இருப்பவர்களுக்கு வழிவிடுவது இங்கே புதிதல்ல. 1822 முதல் 1865 வரை கிறிஸ்துவர்களைப் புதைத்த ஃபோர்ட் கேனிங் மேடு இன்று பூங்கா. பழைய கல்வெட்டுகள் சிலவற்றைச் சுற்றுச்சுவரில் பதித்திருக்கிறார்கள். ஆர்ச்சர்ட் சாலையில் நீ ஆன் சிட்டி கடைத்தொகுதி நிற்பது தியோச்சியூ சீனர்களின் இடுகாட்டு நிலத்தில். பீஷானும் சீனர்களின் பெரிய இடுகாடாக இருந்ததுதான். அந்த இடுகாட்டின் பெயரைத்தான் இன்றைய பீஷான் நகரமும் சுமக்கிறது.

இப்போது அடக்கத்துக்குத் திறந்திருப்பது சுவா சூ காங் இடுகாடு ஒன்றுதான். அங்கும் 1998 முதல் 15 ஆண்டுக் கெடு உண்டு. கெடு முடிந்ததும் தோண்டி, சமயம் அனுமதித்தால் தகனம் செய்து சாம்பலை அஸ்தி மாடத்தில் வைக்கலாம். இல்லையென்றால் பல பேருடைய எச்சங்களைச் சேர்த்துச் சிறிய குழியில் மறு அடக்கம் செய்கிறார்கள். இந்த ஏற்பாட்டை நான் எதிர்க்கவில்லை. பிள்ளைகளுக்கு வீடு வேண்டும். எடுக்கும்போது எதை எழுதி வைத்துக்கொண்டோம் என்பதில்தான் எனக்கு மனக்குறை.

புக்கிட் பிரவுனைப் பாருங்கள். 1922ல் நகராட்சி திறந்த சீனர் இடுகாடு, 1973ல் மூடியது, ஏறக்குறைய 1,00,000 கல்லறைகள். அதன் ஊடாகச் சாலை போடப்போவதாக 2011ல் அறிவிப்பு வந்தது. 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகள் போகவேண்டியிருந்தது. தோண்டுவதற்கு முன் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் படமெடுத்து, கல்வெட்டைப் படித்துப் பதிவு செய்தார்கள். கல்லறைக்குக் காவலாக நிற்கும் சீக்கியச் சிலைகள், பூப்போட்ட ஓடுகள், எழுதப்பட்ட பூர்வீக ஊர்ப் பெயர்கள் எல்லாவற்றையும் ஆர்வலர்கள் மற்றவர்களுக்கு நடந்து காட்டினார்கள். அடக்கப் பதிவேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தாத்தாவைத் தேடி வருகிற பேரனுக்கு அங்கே பிடிமானம் இருக்கிறது.

பிடாடாரியில் நினைவுப் பூங்காவுக்கென்று எடுத்து வைத்த கற்கள் இருபது சொச்சம். பெயர்பெற்றவர்களுடையவை, பொருத்தமான தேர்வுதான். தையல்காரர், துறைமுகக் கூலி, ஆயா என்று சாதாரணத் தமிழர்களின் கற்களை யார் படித்து வைத்தார்கள்? எங்கள் வீட்டிலேயே படித்து வைக்கவில்லை. மூன்றறை வீட்டில் கல்லை எங்கே வைப்பது என்று விட்டுவிட்டு வந்தோம். ஒரு படம்கூட எடுக்கத் தோன்றவில்லை.

சுவா சூ காங்கில் உங்கள் வீட்டுப் பெரியவர் இருந்தால், இந்த வாரமே போய்க் கல்வெட்டை நேராகப் படமெடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது தேய்ந்த எழுத்தும் தெரியும். கல்லறை எண்ணையும் பகுதியையும் எழுதி வையுங்கள். பக்கத்துக் கல்லில் தமிழ் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்; அவர்கள் வீட்டில் யாரும் மிஞ்சாமல் போயிருக்கலாம்.

பாட்டி இப்போது அஸ்தி மாடத்தில் இருக்கிறார். கையகலப் பளிங்கில் பெயரும் இரண்டு ஆண்டுகளும் மட்டும். அவர் கப்பலேறிய ஊர் எது என்று எங்களுக்குள் இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. அத்தை காரைக்கால் என்கிறார். சித்தப்பா திருமலைராயன்பட்டினம் என்று சாதிக்கிறார். கல்லில் அது எழுதியிருந்தது. வருடா வருடம் நாரால் தேய்த்தவன் நான். எனக்கு நினைவில்லை.