கடைசி மேஜையில் சிப்பின் விலை

நேயர்களுக்கு வணக்கம். ஒரு கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு போக்கர் என்ற சீட்டாட்டம் பற்றிப் பேசச் சொன்ன நிலையத்தாருக்கு நன்றி. வீட்டில்தான் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் காசு கட்டி ஆடுவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. அதனால் எந்த ஆப்பில் ஆடலாம் என்று கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம். நான் பேசப்போவது பெரிய போட்டிகளின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் கணக்கைப் பற்றி மட்டும்தான்.

லாஸ் வேகாஸில் வருடா வருடம் போக்கர் உலகத் தொடர் நடக்கிறது. 2023ல் அதன் முதன்மைப் போட்டியில், ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் கட்டி, 10,043 பேர் உட்கார்ந்தார்கள். பரிசு 1,507 பேருக்கு. மற்ற எட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம் பேரும் வெறுங்கையோடு போனார்கள். முதல் பரிசு 121 லட்சம் டாலர், இரண்டாவது 65 லட்சம், மூன்றாவது 40 லட்சம்.

இதில் ஒரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. ஆடுவதற்குக் காசுக்குப் பதிலாகக் கொடுக்கும் வில்லைதான் சிப்; அது தீர்ந்தால் ஆள் வெளியே. ஜெயித்தவர் முன்னால் கடைசியில் அத்தனை பேருடைய சிப்பும் குவிந்திருக்கும். நூற்றுக்கு நூறு. ஆனால் பரிசாகக் கொடுத்த மொத்தப் பணத்தில் அவர் கைக்கு வந்தது சுமார் 13 சதவீதம்தான். அப்படியானால் சிப்பும் பணமும் ஒன்றல்ல. ஆரம்பத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். ஆட்கள் குறையக் குறைய விலகிக்கொண்டே போகும்.

கேரம் ஆடி வளர்ந்த வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கச் சிரமமே இல்லை. ரெட்டும் ஃபாலோவும் போட்டால் மூன்று புள்ளி. அதே ரெட்டுக்கு, நம் கணக்கு 22ஐத் தொட்டுவிட்டால், போட்டி விதிப்படி ஒரு புள்ளியும் கிடையாது. காய் அதேதான், பலகையும் அதேதான். ஆட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறிவிடுகிறது.

தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் சிலர் கூடி கணக்குப் புதிர் போடுவது வழக்கம். அங்கே இதைப் புளியங்கொட்டையை வைத்தே காட்டினேன். நாலு பேர், ஆளுக்கு 25 கொட்டை. மூன்று பேருக்குப் பரிசு: 50,000, 30,000, 20,000. எல்லாம் காகிதத்தில்தான். நாலாவது ஆளுக்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் சமம் என்பதால் இப்போது ஒவ்வொருவருடைய இடத்துக்கும் மதிப்பு 25,000.

ஒருவர் இருக்கிற 25 கொட்டையையும் நடுவில் தள்ளுகிறார். எதிரே இருப்பவர் தன் 25ஐயும் வைத்து ஏற்றுக்கொண்டு ஜெயித்தால் அவரிடம் 50 கொட்டை. மதிப்பும் இரண்டு மடங்காகி 50,000 ஆகுமா? ஆகாது. போட்டுப் பார்த்தால் 38,333 ரூபாய்தான் வருகிறது. தோற்றாலோ 25,000மும் போச்சு. ஆக, 13,333க்கு ஆசைப்பட்டு 25,000ஐப் பணயம் வைக்கிறார். பிளைண்டை, அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டியாக வேண்டியதை, ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அவர் ஏற்பதற்கு ஜெயிக்கும் வாய்ப்பு 65 சதவீதமாவது இருக்க வேண்டும்.

காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு இது ஒப்பவே இல்லை. "சார், ஏஸ்-கிங் கையில வச்சிக்கினு எப்படி சார் மடக்கறது?" என்றான். மடக்குவது என்றால் பந்தயத்தை ஏற்காமல் சீட்டைப் போட்டுவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகுவது. நியாயமான கேள்வி. எதிராளி சீட்டையே பார்க்காமல் தள்ளியிருந்தால்கூட, வேறு வேறு இனத்தில் இருக்கும் ஏஸ்-கிங் அவரை வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 65 சதவீதம்தான். அதாவது மயிரிழையில் நிற்கிறது. அவரிடம் சின்ன ஜோடி ஒன்று இருந்துவிட்டால் ஐம்பதுக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது ரம்மியில் ஸ்கூட் விடுவது போல மடக்கிவிடுவதுதான் சரி.

எனக்கு இந்தக் கணக்கில் பிடித்தது வேறொரு எண். மோதிய இருவரில் ஒருவர் வெளியே போனதும், சும்மா உட்கார்ந்திருந்த மற்ற இருவரின் மதிப்பு தலா 30,833 ஆகிவிடுகிறது. ஒரு சீட்டையும் தொடாமல் ஆளுக்கு 5,833 லாபம்! அடுத்தவர் சண்டையில் நமக்கு வரும் இந்த வருமானத்தை அவசரக்காரர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இதைக் கணக்கிடும் சூத்திரம் சீட்டாட்டத்திலிருந்து வந்ததே அல்ல. குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எந்த இடத்தில் வரும் என்பதற்காக 1973ல் ஹார்வில் என்பவர் எழுதியது. 1987ல் மேசன் மால்முத் அதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார். இன்று ஐசிஎம் (இண்டிபெண்டன்ட் சிப் மாடல்) என்ற மூன்றெழுத்தில் ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

சரி, அப்படியானால் கடைசிவரை மடக்கிக்கொண்டே இருக்கலாமா? அங்கேதான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள். ஏற்பவருக்கு 65 தேவை என்றேன் அல்லவா, அந்தச் சுமை முதலில் தள்ளுபவர் தலையில் இல்லை. எல்லோரும் பயந்து மடக்கினால் சீட்டைக் காட்டாமலே அவருக்கு வெற்றி. யாராவது ஏற்றாலும் ஜெயிக்க ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. ஏற்பவருக்கு இருப்பது அந்த ஒரே வழிதான். அதனால் தள்ளுவதற்குப் போதுமான கை, ஏற்பதற்குப் போதாது. கடைசிக் கட்டத்துக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளச் சொல்வேன்.

நிறைய சிப் வைத்திருப்பவருக்கு இது கொண்டாட்டம். அவர் தள்ளினால் எதிராளிக்குப் போட்டியே போய்விடும், அவருக்குப் போகாது. அதிகம் நசுங்குவது நடுவில் இருப்பவர்கள்தான். தங்களைவிடக் குறைவாக வைத்திருக்கும் ஒருவர் இன்று நாளை என்று தள்ளாடிக்கொண்டிருக்கும்போது, பெரியவரோடு மோதி அந்தக் குறைவானவருக்கு முன்னால் வெளியேற யாருக்குத்தான் மனசு வரும்? பெரியவருக்கும் அது தெரியும். அவர் குறிவைப்பது நடுவாந்திர ஆட்களைத்தான், கடைசி ஆளை அல்ல. கடைசி ஆளுக்கு இழக்க அதிகமில்லை, அவர் சட்டென்று ஏற்றுவிடுவார்.

அந்தக் கடைசி ஆளின் நிலைமை என்ன? ஒரு சுற்று வருவதற்குள் சின்ன பிளைண்ட் அரை, பெரிய பிளைண்ட் ஒன்று, ஆன்டி என்ற இன்னொரு கட்டாயத் தொகை ஒன்று என்று இரண்டரை பெரிய பிளைண்ட் போய்விடும். கையில் பத்து பெரிய பிளைண்ட் என்றால் நாலு சுற்று. மேஜையில் ஒன்பது பேர் இருந்தால் 36 ஆட்டம் தாங்கும், ஆறு பேர் என்றால் 24தான். சீட்டு நன்றாக வரட்டும் என்று காத்திருந்தால், வரும்போது தள்ளுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. அப்புறம், தள்ளினால் யாரும் பயப்படவும் மாட்டார்கள். 1982ல் ஜாக் ஸ்ட்ராஸ் ஒரே ஒரு சிப் வரை இறங்கி, அங்கிருந்து ஏறி அதே உலகத் தொடரை ஜெயித்தார். உண்மைக் கதைதான். ஆனால் அதை நம்பிச் சிப்பைக் கரைத்தவர்கள் கதையை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு வகைப் போட்டியும் உண்டு. பெரிய போட்டிக்கு நுழைவுச் சீட்டு மட்டுமே பரிசு, பத்துப் பேருக்கு ஒரே அளவு. பதினொரு பேர் மிஞ்சியிருக்கும்போது கையில் சிப் தாராளமாக இருந்தால், அங்கே இரண்டு ஏஸ் வந்தால்கூட மடக்குவது சரியாக இருக்கலாம். முதலில் வந்தாலும் பத்தாவதாக வந்தாலும் அதே நுழைவுச் சீட்டுதானே.

கடைசியில் இரண்டே பேர் மிஞ்சும்போது இந்தச் சிக்கல் எல்லாம் அவிழ்ந்துவிடுகிறது. இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதி. 2023 போட்டியில் என்றால், மிச்சமிருந்த 56 லட்சம் டாலருக்குத்தான் சண்டை. அங்கே பாதி சிப் வைத்திருந்தால் அதில் பாதி மதிப்பு, முழுதும் வைத்திருந்தால் முழுதும். 65 என்ற தடுப்பு காணாமல் போய், 50ஐத் தாண்டினாலே போதும் என்றாகிவிடும். ஐஸ் ஃபேக்டரித் தம்பி அவனுடைய ஏஸ்-கிங்கை அந்த இடத்தில் தாராளமாக வைத்து ஆடலாம். வணக்கம்.