பின்வரிசையில் இருந்த பெரோஸ் காந்தி

அவையோர்க்கு வணக்கம். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றிப் பேச வந்தால், அவர் வகித்த பதவிகளை அடுக்குவது மேடை வழக்கம். பெரோஸ் காந்தியைப் பொறுத்தவரை அந்த வேலை எனக்கு இல்லை. 1952இலும் 1957இலும் ரேபரேலியிலிருந்து மக்களவைக்குச் சென்ற அவர், ஒரு நாளும் மத்திய அமைச்சராக இருந்ததில்லை. பிரதமர் நேருவின் மருமகன் என்ற உறவு அவரை உயர்த்தியதைக் காட்டிலும் மறைத்ததே அதிகம் என்பது என் எண்ணம்.

1912இல் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்து அலகாபாத்தில் வளர்ந்தவர், 1930இல் கல்லூரியை விட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். சிறைவாசம், 1942இல் திருமணம், பிறகு லக்னோவில் ‘நேஷனல் ஹெரால்டு’ நாளேட்டின் நிர்வாகம் என ஆண்டுகள் சென்றன. மக்களவையிலும் முதல் சில ஆண்டுகள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

1955 டிசம்பரில் அவர் எழுந்து, டால்மியா குழுமத்தின் பாரத் காப்பீட்டு நிறுவனத்தில் பாலிசிதாரர்களின் பணம் எப்படித் திசைமாறிப் போனது என்பதைக் கணக்குகளோடு விளக்கினார். அடுத்த மாதமே ஆயுள் காப்பீட்டுத் தொழில் அரசுடைமை ஆயிற்று. ராமகிருஷ்ண டால்மியா பின்னர் சிறைக்குச் சென்றார்.

அந்தக் காலத்தில் ஒரு விசித்திரமான நிலை இருந்தது. அவைக்குள் பேசும் உறுப்பினர் மீது வழக்குத் தொடர முடியாது. அந்தப் பேச்சை உள்ளது உள்ளபடி அச்சிடும் பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போடலாம். நாளேடு ஒன்றை நடத்திப் பழகிய பெரோஸ் காந்திக்கு இந்த அச்சத்தின் கனம் தெரிந்திருந்தது. கெட்ட நோக்கமின்றி, பெரும்பாலும் சரியாக வெளியிடப்படும் நாடாளுமன்றச் செய்திகளுக்குப் பாதுகாப்பு அளிக்கும் தனிநபர் மசோதாவை, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் முன்வைக்கும் மசோதாவை, கொண்டுவந்து, 1956இல் அதைச் சட்டமாக்கினார். இன்றுவரை இரு அவைகளிலும் நிறைவேறிய தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே; 1970க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

மறு ஆண்டே அதன் பயன் தெரிந்தது. புதிதாகப் பிறந்த எல்.ஐ.சி., 1957 ஜூனில், கல்கத்தாவின் ஹரிதாஸ் முந்த்ராவுக்குச் சொந்தமான ஆறு கம்பெனிகளின் பங்குகளை, தன் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலேயே, சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. தான் குரல் கொடுத்து உருவான நிறுவனத்திலேயே இந்தக் கூத்து நடந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை போலும். டிசம்பர் 16 அன்று, கடுமையாக அடிக்கப் போகிறேன், அதைவிடக் கடுமையான பதிலடியையும் எதிர்பார்க்கிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினார். எந்தத் தேதியில் என்ன விலை, எதற்காக அந்த விலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புதிய சட்டத்தின் துணையால் பத்திரிகைகளும் அதை அச்சமின்றி வெளியிட முடிந்தது. எதிரே இருந்த நிதியமைச்சர் நம் சென்னைக்காரர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, இருவரும் ஒரே கட்சி. கொறடாவின் கண்ணசைவுக்குக் காத்திருக்கும் இன்றைய ஆளுங்கட்சி உறுப்பினர்களை நினைத்தால், அந்தக் காட்சியை நம்புவதே கடினம்.

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா இந்தப் பங்கு விவகாரத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, சில வாரங்களிலேயே அறிக்கை அளித்தார். தன் துறைச் செயலாளரின் செயலுக்கு அமைச்சர் பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்றார் அவர். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். திறமைசாலியான அவரை இழக்க நேருவுக்கு மனமில்லை. 1962இல் மீண்டும் அமைச்சரவைக்கு அழைத்துக்கொண்டார். பெரோஸ் காந்தி அதற்கு முன்பே, 1960 செப்டம்பரில், மாரடைப்பால் மறைந்திருந்தார். வயது 47.

அவர் இயற்றிய சட்டத்தின் கதை அதோடு முடியவில்லை. நெருக்கடிநிலைக் காலத்தில், 1975 டிசம்பரில், ஓர் அவசரச் சட்டம் அதை நீக்கியது. அப்போதைய பிரதமர் அவருடைய மனைவி இந்திரா காந்தி. தொகுதியும் அதே ரேபரேலி. 1977இல் ஜனதா அரசு சட்டத்தை மீட்டது. அடுத்த ஆண்டு நிறைவேறிய 44ஆவது திருத்தம், 361ஏ என்ற பிரிவாக அந்தப் பாதுகாப்பை அரசியலமைப்பிலேயே சேர்த்தது. அவசரச் சட்டம் ஒன்றினால் இனி அதை நீக்க இயலாது.