உழாத வயலில் ஒரு களை யுத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் வீட்டுச் சப்பாத்திக்கான கோதுமை பெரும்பாலும் வடக்கிலிருந்துதான் வருகிறது. அங்கே அரியானா, பஞ்சாப் விவசாயிகளைப் பாடாய்ப் படுத்தும் ஒரு களையைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். அரியானாவில் மண்டூசி என்பார்கள், பஞ்சாபில் குல்லி தண்டா. ஃபலாரிஸ் மைனர் என்பது தாவரவியல் பெயர்.

முளைத்த புதிதில் இதற்கும் கோதுமைக்கும் வித்தியாசமே தெரியாது. பிடுங்கி அடித்தண்டைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் அது மண்டூசி. ஏக்கர் கணக்கில் இப்படிப் பார்த்துப் பார்த்துக் களையெடுக்க யாரால் முடியும்? அதனால் எல்லோரும் ஐசோபுரோட்டூரான் என்ற ஒரே களைக்கொல்லியை நம்பினார்கள். வருஷா வருஷம் அதையே அடித்ததில், அந்த மருந்துக்குச் சாகாத செடிகள் மட்டும் தப்பி விதை உதிர்த்தன. 1990களின் தொடக்கத்தில் மருந்து பலிக்காமல் போனது ஆய்விலும் உறுதியானது. களை மண்டிய வயல்களில், பயிர் முற்றும் முன்பே கோதுமையைப் பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். பாடுபட்டு விதைத்தவனுக்கு இதைவிட என்ன வேதனை வேண்டும்?

பிறகு புது மருந்துகள் வந்தன. சில ஆண்டுகளில் அவற்றையும் தாங்கும் மண்டூசி வந்துவிட்டது. என்னைக் கேட்டால், இதற்கான பதிலில் பாதி உழவில்தான் இருக்கிறது.

நெல் அறுத்த வயலை ஐந்தாறு சால் ஓட்டிப் புழுதியாக்கி விதைப்பதுதான் அங்கே வழக்கம். அதற்குள் நாள் ஓடிவிடும். நவம்பர் நடுவுக்குள் விதைக்காவிட்டால், மணி பிடிக்கும் நேரத்தில் மார்ச் வெயில் வந்து தாக்கும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் மகசூலில் ஏறத்தாழ 1 சதவீதம் போகும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. மண்டூசியோ குளிர் தொடங்கிய பிறகு நன்றாக முளைக்கும் களை. போதாததற்கு, ஆழத்தில் கிடக்கும் அதன் விதைகளை உழவு மேலே கொண்டுவந்து போடுகிறது.

உழவில்லா விதைப்பு இதை மாற்றியது. டிராக்டரில் பூட்டிய கருவியின் ஒடுக்கமான கொழுக்கள் மண்ணைக் கீறி, விதையையும் உரத்தையும் அந்தக் கீறலிலேயே இறக்கும். இடையில் உள்ள மண் அசையாது, களைவிதையும் உறங்கியபடி கிடக்கும். கோதுமை முன்னதாகவே முளைத்து நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். உத்தராகண்டில் உள்ள பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் இந்தக் கருவியை உருவாக்கியது. ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தார் அரியானா விவசாயிகளின் வயல்களிலேயே விதைத்துக் காட்டினார்கள். உழாத நிலம் விளையுமா என்று தயங்கியவர்களை முதலில் இழுத்தது டீசல் செலவு குறைந்ததுதான்.

அப்புறம் வைக்கோல். பஞ்சாபின் லூதியானா வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் சேர்ந்து உருவாக்கிய ஹேப்பி சீடர் என்ற விதைப்புக் கருவி, வயலில் கிடக்கும் நெல் வைக்கோலை ஒதுக்கி விதைத்துவிட்டு, அதையே மூடாக்காகப் பரப்பிவிடும். கொளுத்த வேண்டாம், ஈரமும் நிற்கும். மூடாக்கு கனமாக இருந்தால் களை தலைதூக்குவது கஷ்டம். ஆனால் அறுவடை இயந்திரம் வைக்கோலை வரிசையாகக் குவித்துவிட்டுப் போனால் ஹேப்பி சீடர் அடைத்துக்கொள்ளும். அறுக்கும்போதே சீராகச் சிதறடிக்கும் அமைப்பு அறுவடை இயந்திரத்தில் இருக்க வேண்டும்.

இதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். உழாத வயலில் ஜங்லி பாலக் போன்ற அகன்ற இலைக் களைகள் கூடுகின்றன. அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நெல், கோதுமை, மறுபடி நெல் என்று சுற்றிக்கொண்டே இருந்தால் மண்டூசியும் விடாது. நடுவில் ஒரு பருவம் பெர்சீம் என்ற தீவனப் பயிர் போட்டால், திரும்பத் திரும்ப அறுக்கும்போது களைக்கு விதை வைக்க நேரமே கிடைக்காது. இது விவசாயிகளுக்கும் தெரியும். ஆனால் நெல்லுக்கும் கோதுமைக்கும் இருப்பது போன்ற உறுதியான அரசுக் கொள்முதல் தீவனப் பயிருக்கு இல்லை. அதைச் சரிசெய்யாமல், பயிரை மாற்றவில்லை என்று விவசாயியைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நன்றி, வணக்கம்.