எதிர்க் கதிரையிலிருந்து பார்த்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

பொறுப்பில் இருப்பவர்களின் அலுவலக அறைகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் தொழில். முதலாளி, முகாமையாளர், பணிப்பாளர், தலைவர், பதவியின் பெயர் எதுவானாலும் ஒரு பெரிய மேசை, ஒரு சுழல் கதிரை, கதவில் ஒரு பெயர்ப்பலகை. வவுனியாவில் இருந்துகொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கமும் வேலை எடுக்கிறேன். உள்ளக அலங்காரப் பாணிகளைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டபோது, வானொலியில் படம் காட்ட முடியாதே என்று ஒருவர் கவலைப்பட்டார். எனக்கு அது வசதி. இந்தத் தொழிலில் பாதிக் குழப்பம் படத்தால்தான் வருகிறது.

கைத்தொலைபேசியை நீட்டி, "இதே மாதிரி வேண்டும்" என்பார்கள். துபாயிலோ நியூயோர்க்கிலோ உள்ள ஓர் அறை. மேசை பளபளக்கும், பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்கப்பால் நகரம். மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரும் மனிதர் மட்டும் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். எங்கள் பகுதியிலோ ஒரு கூட்டுறவுச் சங்கத் தலைவரின் அறையையோ ஓர் அரிசி ஆலை முதலாளியின் அறையையோ எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நெல்லுக்குக் காசு கேட்டு ஒருவர், கடன் தவணைக்கு அவகாசம் கேட்டு ஒருவர், மகனின் சான்றிதழ்களைக் கடைப்பையில் சுற்றிக்கொண்டு ஒரு தாய். ஆகவே புதிய அறைக்குப் போனால் முதலில் எதிர்க் கதிரையில் உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். எந்தப் பாணிக்கும் அங்கிருந்துதான் நான் புள்ளி போடுவேன்.

இன்றைக்கும் அதிகமானோர் கேட்பது பழைய கச்சேரிப் பாணியை, அதாவது பழைய அரசாங்க அலுவலகப் பாணியைத்தான். கறுத்த மரத்தில் கனத்த மேசை, கடைசல் கால், உயர்ந்த முதுகுள்ள கதிரை, கண்ணாடி பூட்டிய அலுமாரி. அதற்கு எங்கள் மண்ணில் வேரும் உண்டு. ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் இலங்கையில் செய்த தளபாடங்களுக்கு முதிரையும் கருங்காலியும் பேர்போனவை. இரண்டும் வன்னிக் காடுகளில் வளரும் மரங்கள். முதிரையைச் சீவி மெருகேற்றினால் பொன்னிறமாக நீரோட்டம் தெரியும். அப்படிப்பட்ட மரத்தின்மேல் கறுத்த வார்னிஷ் பூசச் சொல்பவர்களோடு நான் சண்டையே பிடித்திருக்கிறேன்.

இந்தப் பாணியில் மேசை என்பது எழுதுவதற்கு மட்டும் போடுவதில்லை. வந்தவரைத் தள்ளி வைப்பதற்கும் போடுவது. முசோலினி ரோம் நகரின் வெனிசியா மாளிகையில் வைத்திருந்த அலுவலகம் கிட்டத்தட்ட 60 அடி நீளம். மேசை அறையின் கடைசியில். உள்ளே வந்தவர் அத்தனை தூரமும் அவர் பார்வைக்கு முன்னால் நடந்து போகவேண்டும். அமெரிக்க ஜனாதிபதியின் புகழ்பெற்ற மேசைக்கு வேறு கதை. ரெசொலியூட் என்ற பிரித்தானியக் கப்பலை உடைத்தெடுத்த ஓக் பலகையில் செய்து, விக்டோரியா மகாராணி 1880இல் அனுப்பிவைத்தது. முன்பக்கம் திறந்திருந்த அந்த மேசைக்கு, பின்னாளில் ஜனாதிபதியாக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒரு மறைப்புப் பலகை செய்யச் சொன்னார். போலியோவால் நடக்க முடியாமற்போன அவர், கால்களில் பூட்டியிருந்த இரும்புத் தாங்கிகளை வந்தவர்கள் பார்ப்பதை விரும்பவில்லை. பலகை வந்து பொருந்துமுன் அவர் இறந்துவிட்டார். எங்கள் அலுவலகங்களிலும், சேலை உடுத்து வரும் பெண் அதிகாரிகள் பலர் முன்பக்கத்தை மறைத்துத் தரும்படிதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்காக மேசை கோட்டை மதிலாக வேண்டியதில்லை. முழங்கால் மறைய ஒரு பிரம்புத் தட்டி போதும்.

பெரிய மேசை கேட்பவர்களுக்கு என் தச்சர் ஒரே ஒரு கேள்விதான் போடுவார்: "ஐயா, கதவு எத்தனை அடி?" பட்டறையில் முழுதாகச் செய்து முடித்து, வாசலில் நின்று நிலையைக் கழற்றும் கூத்து வன்னியில் அபூர்வமானது அல்ல.

கடன் வாங்கிய பாணி வன்னிக்கு வந்த கதையைப் பார்க்க விரும்பினால் மன்னாரில் அரிப்புக் கடற்கரைக்குப் போங்கள். முத்துக்குளிப்பை மேற்பார்வையிட பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகையின் இடிபாடு அங்கே நிற்கிறது. கிரேக்கக் கோயில்களின் டோரிக் பாணி; கிரேக்கர் பளிங்கில் செய்ததை இங்கே செங்கல்லில் கட்டிச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். கடல் கரையை அரித்து அரித்து, கட்டடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. வன்னியின் முதல் சொகுசு நிறைவேற்று அலுவலகம் அதுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மேசைக்கு எதிரே உட்காருபவரை நினைத்து அறையை மாற்றியவர் என்று நான் மதிப்பது அமெரிக்கரான ஃபுளோரன்ஸ் நோலை. கட்டடக்கலை படித்தவர், 1917இல் பிறந்து 2019இல் காலமானார். அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் அமெரிக்க முதலாளிமாரின் அறை எல்லாம் ஒரே அச்சு: மூலையில் சரித்துப் போட்ட பெரிய மேசை, பின்னால் இன்னொரு மேசை. நோல் அந்தச் சரிவை எடுத்தார். இழுப்பறைகள் அடைத்த பெட்டி மேசையை ஒரு பலகையும் கால்களுமாகக் குறைத்தார். கோப்புகளைப் பின்சுவரோரம் ஒரு தாழ்ந்த அலுமாரிக்கு அனுப்பினார். 1961இல் வந்த அவருடைய நீள்வட்ட மேசைக்குத் தலைமாடும் இல்லை, கால்மாடும் இல்லை. அதைச் சுற்றி நாலு பேர் இருந்தால் அதுவே கூட்ட மேசை.

அந்த மாதிரி மேசை ஒன்றை ஒரு சங்கத்துக்கு வரைந்து கொடுத்தேன். தலைவருக்குப் பிடித்துவிட்டது. செயலாளர்தான் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி பிள்ளை, ஐயா எந்தப் பக்கம் இருப்பார்?" என்று கேட்டார். கடைசியில் தலைவரின் கதிரைக்கு மட்டும் கைப்பிடியை ஓரங்குலம் அகலமாக்கி அனைவரையும் சமாதானப்படுத்தினோம். மேசை இன்றும் நன்றாக உழைக்கிறது.

இரும்புக் குழாயும் கண்ணாடியுமான நவீன பாணிக்கு ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளி மூலம். 1919இல் தொடங்கி 1933இல் மூடப்பட்ட பள்ளி. அங்கே இருந்த மார்செல் பிரோயர், தம் சைக்கிளின் வளைந்த கைப்பிடியைப் பார்த்துத்தான் வளைத்த குழாயில் கதிரை செய்யலாம் என்று யோசித்தாராம். யன்னல் கம்பி ஒட்டும் எங்கள் பட்டறைகளில் குழாய் வளைக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கதிரை இங்கேயே செய்யக்கூடியது. கண்ணாடி மேசை மட்டும் வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் காலையில் துடைத்த கண்ணாடியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம்.

ஸ்கண்டிநேவியப் பாணி, அதாவது வெள்ளைச் சுவரும் வெளிர் மரமும், நீண்ட குளிர்காலத்தில் வெளிச்சத்துக்கு ஏங்கும் நாடுகளின் யோசனை. எங்களுக்கு வெளிச்சம் தாராளம். கண் கூசாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. சுவருக்கு மணல் நிறமோ வெளிர் பச்சையோ பூசினால் செம்மண் தூசியும் அவ்வளவாகத் தெரியாது. எதுவுமே வைக்காத மினிமலிசம் அழகுதான். கோப்புகளை எங்கே வைப்பது என்று யாராவது சொல்லட்டும்.

தொழிற்சாலைப் பாணி என்று ஒன்று இப்போது வந்திருக்கிறது. பூசாத செங்கல், வெளியே தெரியும் மின்குழாய், தொங்கும் குண்டு பல்பு. நியூயோர்க்கில் கைவிடப்பட்ட தொழிற்சாலை மாடிகளில் கலைஞர்கள் குடியேறியதில் பிறந்தது. போருக்குப் பிறகு காசு போதாமல் பூச்சுப் பூசாமலே குடிபுகுந்த வீடுகள் எத்தனை நம் கிராமங்களில் இன்னும் அப்படியே நிற்கின்றன! அந்தச் சுவரோடு வருடக்கணக்காக வாழும் ஒருவர் உங்கள் அறைக்கு வந்து, நீங்கள் கூடுதல் காசு கொடுத்துச் செங்கல்லைக் காட்டியிருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? நான் இந்தப் பாணியில் வேலை எடுப்பதில்லை. இது என் பிடிவாதம். அழகியல் காரணம் எதுவும் கிடையாது.

நம் வெயிலுக்கு விடை தேடியவர்களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா முக்கியமானவர். கோட்டேயில் 1982இல் திறந்த நாடாளுமன்றக் கட்டடம் அவர் வரைந்தது. கொழும்பு அல்பிரட் ஹவுஸ் வீதியில் இருந்த அவருடைய அலுவலகம் இப்போது ஓர் உணவகம். அதனால் யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். தெருவிலிருந்து நேரே ஓர் அறைக்குள் நுழைவதில்லை. முற்றங்களையும் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டித்தான் உள்ளே போகிறோம். வெயிலும் நிழலும் மாறி மாறி வர, கண் மெல்ல மெல்லப் பழகுகிறது. வந்தவருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. முற்றம் எடுக்க எல்லோருக்கும் இடம் இருக்காது. ஆனால் கதவுக்கு வெளியே ஆறடி அகலத்தில் ஒரு விறாந்தை, தாழ்ந்த கூரை இறக்கம், சுவரோரம் ஒரு நீள வாங்கு, ஒரு பானைத் தண்ணீர்: இவற்றை வன்னியில் எந்தச் சங்கமும் செய்யலாம். உள்ளே குளிரூட்டியைப் போட்டுவிட்டு வெளியே ஆட்களை வெயிலில் நிறுத்தினால் அந்த அறை எந்தப் பாணியிலும் சேராது.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஓர் அரிசி ஆலையில் முதலாளியின் கதிரை மேற்கு யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தது. பிற்பகல் 3 மணிக்கு எதிர்க் கதிரையில் இருந்து பார்த்தேன். அவர் முகம் தெரியவில்லை. கறுத்த ஓர் உருவம் பேசியது. அவர் சிரித்தாரா கோபித்தாரா என்று குரலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. மேசையைத் திருப்பி, யன்னல் இருவருக்கும் பக்கவாட்டில் வரும்படி போட்டோம். செலவு எதுவும் இல்லை. "ஆட்கள் இப்போது அதிகம் பேசுகிறார்கள்" என்று அவர் பிறகு குறைபட்டுக்கொண்டார். மேசைக்கு 500 லக்ஸ் வெளிச்சம் என்பது அலுவலகங்களுக்குப் பரவலாகச் சொல்லும் அளவு. அந்த வெளிச்சம் மேசையில் விழுந்தால் போதும், வந்தவரின் கண்ணில் விழ வேண்டாம்.

நிலத்துக்கும் இதே கதைதான். முகம் தெரியும்படி மினுங்கும் மாபிள் பதித்த அறைகளுக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் கழற்றச் சொல்வதில்லை. நிலத்தைப் பார்த்ததும் ஆட்கள் தாமாகவே கழற்றுகிறார்கள். மாரியில் அது வழுக்கவும் செய்யும். சொரசொரப்பான, மினுங்காத கல்லோ, நிறச் சீமெந்தோ மேல்.

உள்ளூர்ப் பொருட்களைக் கேட்பவர்கள் கூடிவருவது சந்தோஷம். பன்பாய், பனையோலைத் தட்டி, பனைநார்ப் பின்னல் எல்லாவற்றுக்கும் அறையில் வேலை உண்டு. ஓலைத் தட்டியை யன்னலுக்குத் திரையாகப் போட்டால் வெயிலை மறைக்கும், காற்றை விடும். சுவர் முழுக்கச் சுளகும் கடகமும் மாட்டிவிட்டு அதைப் பாரம்பரியப் பாணி என்று சொல்வதுதான் எனக்கு ஒவ்வாது. மரத்துக்கு ஒரு குறிப்பு: ஏற்றிச்செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும், மலிவாகக் கிடைக்கிறதே என்று இரவில் வரும் மரத்தை வாங்கித் தலைவரின் அறையில் போடாதீர்கள்.

இனி அந்த எதிர்க் கதிரை. தாழ்ந்த மெத்தைச் சோபாவை வந்தவர்களுக்குப் போடுவது இப்போதைய நாகரிகம். செயற்கைக் கால் பூட்டியவர்கள் பலர் வாழும் இடம் இது. தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்துவிட்டால் அவர்களால் பிறர் கை கொடுக்காமல் எழும்ப முடியாது, முதியவர்களுக்கும் அப்படித்தான். இருக்கை 17 அல்லது 18 அங்குல உயரம், கொஞ்சம் இறுக்கமான மெத்தை, இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடி. கைப்பிடியின் முன்முனை இருக்கையின் விளிம்பு வரை வரவேண்டும், ஏனென்றால் எழும்புபவர் அங்கேதான் ஊன்றுவார். பக்கத்தில் பையும் கோப்பும் வைக்க ஒரு சிறு பலகை. வாசலில் படி இருந்தால் ஒரு சாய்தளம்.

காசு குறைவாக இருந்தால் என் வரிசை இதுதான்: முதலில் விறாந்தையும் வாங்கும், பிறகு எதிர்க் கதிரைகள், வெளிச்சம், சுவர் நிறம், மேசை. முதலாளியின் சுழல் கதிரை கடைசி. அதற்கும் ரெக்சின் போட்ட உயர்ந்த முதுகு வேண்டாம். மின்சாரம் நின்ற பத்தாவது நிமிடம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதன்மேல் ஒரு துவாயைப் போட்டு விரிப்பார்கள். பிரம்பு பின்னிய முதுகும் இருக்கையும் காற்றை விடும். நாளடைவில் தொய்ந்தால் தூக்கி எறியவேண்டாம். கதிரையைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்த துணியால் நன்றாக ஈரமாக்கி, நிழலில் இரவு முழுவதும் காயவிடுங்கள். மறுநாள் இறுகியிருக்கும்.

வணக்கம்.